“அளவாக” என்றால் எவ்வளவு?

திருகோணமலை உவர்மலையில் அறை எடுத்துத் தனியாகச் சமைக்கத் தொடங்கிய நாளிலிருந்து என்னை வாட்டுவது விலைவாசி மட்டுமல்ல, “உப்பு அளவாக” என்ற அந்த ஒற்றை வரியும்தான். அம்மாவைக் கேட்டாலும் அளவாக, காணொளியைப் பார்த்தாலும் அளவாக! முதன்முறை சமைப்பவனுக்கு அந்த அளவு எப்படித் தெரியும்? 100 கிராம் மைசூர்ப் பருப்புக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, மூன்று மடங்கு தண்ணீர், 20 நிமிடம் என்று சொன்னால் நாக்குத் தேய்ந்துவிடுமா? தேங்காய்ப்பால் சொதியை இறக்கிய பிறகே தேசிக்காய்ப் புளி விட வேண்டும் என்று எவரும் சொல்லாததால், கொதிக்கும்போதே விட்டுப் பால் திரைந்து, அரைத் தேங்காய் வீணாயிற்று. மலிவாகக் கிடைத்த சூடை மீனைப் “பதமாக”ப் பொரிக்க வேண்டுமாம். பதம் என்பது எத்தனை நிமிடம்? குறிப்புகளெல்லாம் நான்கு பேருக்கே எழுதப்படுகின்றன. தனியாள் சாப்பிட வேண்டாமா?