நல்ல மனுசன்தான், ஆனா எச்.எம்.?

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ரெண்டு ஆசிரியர்கள் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொண்டால் முதல் கேள்வி, "உங்க எச்.எம். (தலைமை ஆசிரியர்) எப்படி?" "நல்ல மனுசன், ஒண்ணும் கேக்க மாட்டாரு" என்று பதில் வந்தால் கேட்டவருக்குப் பொறாமை வரும். எனக்குப் பயம் வரும்.

சிடுசிடு எச்.எம்.களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வருசத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. அதில் ஒன்றைக் கேட்டாலும் பெற்றோர் முன்னால் வைத்து "இன்னைக்கேதான் வேணுமா?" என்பார்கள். தெரிந்த கதை.

ஒன்றும் கேட்காதவரிடம் வேலை பார்த்திருக்கிறேன். மார்க் குறைந்தது என்று ஒரு அப்பா கத்திக்கொண்டு வகுப்பு வாசலுக்கே வந்தார். எங்கள் நல்ல மனுசன் ரூமுக்குள்ளிருந்தே, "நீங்களே பேசித் தீத்துக்கிடுங்க டீச்சர்" என்றார். பிறகு மாற்றலாகிப் போன பள்ளியில் இதே மாதிரி ஒருவர் வந்தபோது, நோட்டு திருத்தவில்லை என்றால் யாரையும் விடாத அந்தக் கறார் எச்.எம். அம்மா எழுந்து வெளியே வந்து, "எதுன்னாலும் எங்கிட்ட பேசுங்க. டீச்சர் பாடம் எடுக்கட்டும்" என்றார். அவரிடம் நான் திட்டு வாங்காத வாரம் இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் வயிறு கலங்கியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 'பர்ன் அவுட்'டை நோய் என்று சொல்லவில்லை, வேலையிடம் சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது. அதற்கு மூன்று அடையாளம்: உடம்பும் மனசும் ஓய்ந்துபோவது, வேலையோடு ஒட்டாமல் போவது, நம்மால் எதுவும் ஆகவில்லை என்று தோன்றுவது. மூன்றாவதுதான் ஆளைத் தின்னும். மாணவர் விவரங்களை ஆன்லைனில் ஏற்றும் இ.எம்.ஐ.எஸ். பதிவு எல்லாப் பள்ளியிலும்தான் இருக்கிறது. ராத்திரி வாட்ஸ்அப்பில் வரும் "உடனே விவரம் தரவும்" என்பதை அப்படியே ஃபார்வர்டு செய்கிறவர் ஒரு ரகம். எது அவசரம், எது காலையில் போதும் என்று பிரித்துச் சொல்கிறவர் இன்னொரு ரகம். தலைமை தாங்காமல் ஒதுங்கி இருப்பதையும் ஆய்வாளர்கள் ஒரு தலைமைப் பாணியாகத்தான் கணக்கில் வைத்திருக்கிறார்கள், நல்ல பாணியாக அல்ல.

எச்.எம்.கள் பக்கமும் நியாயம் உண்டு. நேற்று வரை கணக்குப் பாடம் எடுத்தவருக்கு, பதவி உயர்வு வந்ததும் சத்துணவுக் கணக்கு, மேலாண்மைக் குழுக் கூட்டம், எய்டட் (அரசு உதவி பெறும்) பள்ளி என்றால் கரஸ்பாண்டெண்டின் (பள்ளி நிர்வாகியின்) போன். தொடக்கப் பள்ளியில் கிளார்க் கிடையாது. மேலே இருந்து வருவதை யாராவது தாங்கித்தான் ஆக வேண்டும். அவர் தாங்காவிட்டால் அது நேராக வகுப்பறைக்கு வருகிறது.

என் ஃபிரெண்ட்ஸ் லிஸ்டில் எச்.எம்.கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கோபப்படாமல் சொல்லுங்கள்: கடைசியாக ஒரு டீச்சருக்காக நீங்கள் மேலே பேசியது எப்போது?