அம்மா கன்றுக்குட்டியையும் எழுதச் சொன்னா

வறுமைப்பட்ட குடும்பங்களுக்கு இலங்கை அரசு கொடுக்கும் அஸ்வெசும உதவிப் பணத்துக்கான கணக்கெடுப்புக்கு ஒரு தம்பி வீட்டுக்கு வந்தபோது அம்மா முற்றத்தில் உழுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தா. காணி எவ்வளவு, மோட்டார் சைக்கிள் இருக்கா, கரண்ட் பில் எவ்வளவு வரும், மாடு எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். "ரெண்டு மாடு" என்றவ, அவன் படலையடிக்குப் போனதும் திரும்பக் கூப்பிட்டு, "தம்பி, ஒரு கன்றும் நிக்குது, அதையும் எழுதுங்கோ" என்றா. ஒளித்துவிட்டோம் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக் கூடாது என்ற பயம் அவவுக்கு. பிறகு பெயர்ப் பட்டியல் வெளிவந்தது. தகுதியில்லாதவர் பெயர் இருந்தால் யாரும் ஆட்சேபிக்கலாம் என்றார்கள்.

2023இல் தொடங்கியபோது மாதம் 2,500 முதல் 15,000 ரூபா வரையாக இருந்த கொடுப்பனவுக்கு இத்தனை கேள்வி. கேட்கட்டும், அது பொதுப்பணம். 2009இல் போர் முடிந்த பிறகு வன்னிச் சனம் இருப்பதையும் இழந்ததையும் எழுதிக் கொடுத்த படிவங்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் பொதுப்பணத்தைக் கையாளுகிறவர்களின் சொத்துக் கணக்கு? 1975ஆம் ஆண்டே அதற்குச் சட்டம் வந்தது. விபரம் கொடுக்காதவருக்குத் தண்டப்பணம் கூடினால் 1,000 ரூபா, அல்லது ஒரு வருடம் வரை சிறை. காசு கட்டி ஒரு பிரதி எடுக்கலாம், ஆனால் அதில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது! 48 வருடம் இப்படியே போனது.

2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம்தான் இதை மாற்றியது. மார்ச் 31இல் உள்ள சொத்தையும் கடனையும் ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டும். சில தனிப்பட்ட விபரங்களை மறைத்துவிட்டு மீதியை இலஞ்ச ஊழல் ஆணைக்குழு எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும். ஜனாதிபதி முதல் பிரதேச சபை உறுப்பினர் வரை இதற்குள் வருகிறார்கள்.

வெளியிடுவதுதான் இதில் முக்கியம் என்பேன். ஓர் உறுப்பினர் தன் மச்சானின் பெயரில் ஒரு டிப்பரும் றோட்டுக்கரைக் காணியும் எழுதிவிட்டால் கொழும்பில் இருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? ஊருக்குத் தெரியும். இரவில் மணல் ஏற்றிப் போகும் டிப்பர் யாருடையது என்று தேத்தண்ணிக் கடையில் கேட்டாலே சொல்வார்கள். அவர்கள் கையில் அந்தப் படிவம் கிடைக்க வேண்டும். சொத்தைக் காட்டினால் பாதுகாப்பில்லை என்கிறார்கள் சிலர். வீட்டு இலக்கத்தையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் மறையுங்கள், சரி. எத்தனை ஏக்கர், எத்தனை வாகனம் என்பதை மறைக்க வேண்டாம்.

எங்கள் சபை உறுப்பினர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கொடுக்கும் விபரத்தைத் தமிழில் அச்சடித்து, பிரதேச சபை வாசலில் இருக்கும் அறிவித்தல் பலகையிலும் ஒட்டுங்கள். அம்மாவுக்கு இணையம் பார்க்கத் தெரியாது. பலகையில் ஒட்டினால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதையும் வாசிப்பா.