பெரியம்மாவின் டம்ளரும் பெருங்குடல் கிருமிகளும்

சென்ற மாதம் பெரம்பூரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, சமையலறையில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் மற்ற பாத்திரங்களோடு சேராமல் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் பெரியம்மாவுக்காக அவை ஒதுக்கப்பட்டிருந்தன. குடல் புற்றுநோய்க்குக் கிருமியே காரணம் என்று வாட்ஸப்பில் வந்த செய்தியைப் படித்துவிட்டு, வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்களே என்ற கவலையில் அக்கா செய்த ஏற்பாடு அது. அக்கா மீது எனக்குக் கோபமில்லை. அந்தச் செய்தியை அரைகுறையாக எழுதியவர் மீதுதான் கோபம்.

கிருமிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்பது கட்டுக்கதையல்ல. வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணமாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே அறிவித்துவிட்டது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எச்பிவி வைரஸ் காரணம் என்று நிறுவிய ஹரால்ட் சுர் ஹவுசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த அறிவுதான் தடுப்பூசியாக நம் பெண் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

பெருங்குடலில் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. வாயில், குறிப்பாக ஈறு நோய் உள்ள இடங்களில் வாழும் ஃபியூசோபாக்டீரியம் என்ற நுண்ணுயிர், பெருங்குடல் கட்டிகளில் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதை 2012-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டன. அது கட்டியைத் தொடங்கி வைக்கிறதா, அல்லது ஏற்கெனவே உருவான கட்டியில் குடியேறி அதை வளர்க்கிறதா என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது. குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் சில வகைகள் கோலிபாக்டின் என்ற நச்சைச் சுரந்து செல்லின் டிஎன்ஏவைச் சிதைக்கின்றன. 2020-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் வளர்த்த குடல் செல்களை ஐந்து மாதங்கள் அந்த பாக்டீரியாவோடு பழக விட்டு, அது டிஎன்ஏவில் விட்டுச்செல்லும் தனித்த தழும்பை அடையாளம் கண்டார்கள். 2025-இல் 11 நாடுகளைச் சேர்ந்த 981 பேரின் கட்டிகளை ஆராய்ந்தபோது, அதே தழும்பு 70 வயதைத் தாண்டியவர்களைவிட 40 வயதுக்குள் நோய் வந்தவர்களிடம் 3.3 மடங்கு அதிகமாகத் தென்பட்டது. இத்தழும்பு குழந்தைப் பருவத்திலேயே விழுந்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு. பல நாடுகளில் இளம் வயதினரிடையே இந்நோய் ஏன் பெருகுகிறது என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்து, கிடைத்திருக்கும் மிக முக்கியமான தடயம் இதுதான். வைரஸ்களைப் பொறுத்தவரை, ஜேசி வைரஸ் போன்றவை சில ஆய்வுகளில் கட்டிகளில் காணப்பட்டன, வேறு சிலவற்றில் காணப்படவில்லை; காரணம் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை.

இவற்றில் எதுவும் டம்ளர் வழியாகப் புற்றுநோய் ஒட்டும் என்று சொல்லவில்லை. இந்த பாக்டீரியாக்கள் நோயே இல்லாத பலரின் வாயிலும் குடலிலும் இருக்கின்றன. மரபணு, வயது, உணவு, மது, புகை, உடல் பருமன் என்று பலவும் கூடும் இடத்தில்தான் அவை கேடு செய்கின்றன. கிருமிதானே என்று மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குவதும் அதே அளவு தவறு. மனிதக் கட்டிகளைப் பொருத்திய எலிகளில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்தது என்பது 2017-ஆம் ஆண்டின் எலி ஆய்வு, மனிதருக்கான சிகிச்சை அல்ல.

என்னை உண்மையில் வருத்துவது வேறொன்று. மலத்தில் இரத்தம் வந்ததைப் பெரியம்மா எட்டு மாதங்கள் மூல நோய் என்றே நினைத்திருந்தார். உடல் சூடு என்றார்கள், துத்திக் கீரை சமைத்துக் கொடுத்தார்கள், அருகிலிருந்த மருத்துவர் ஒருவர் பரிசோதிக்காமலேயே களிம்பு எழுதிக் கொடுத்தார். கூச்சத்தால் பெரியம்மாவும் அதிகம் பேசவில்லை. பெருங்குடலுக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்தபோது அவருக்கு வயது 57. நோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தது. பாலிப் என்ற சிறு முளை புற்றாக மாறப் பெரும்பாலும் பல ஆண்டுகள் எடுக்கும் நோய் இது. முளையாக இருக்கும்போதே அகற்றிவிட முடியும். நம் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றும் இருக்கின்றன. பெருங்குடலையும், குறைந்தபட்சம் குடும்பத்தில் நோய் உள்ளவர்களுக்காவது, அதில் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

அன்று மாலை அக்காவிடம் இவற்றையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். பெற்றோருக்கு இந்நோய் வந்திருந்தால் பிள்ளைகள் 40 வயதிலேயே கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும் என்றும், பெற்றோருக்கு மிக இளம் வயதில் வந்திருந்தால் அதற்கும் முன்பே தொடங்க வேண்டும் என்றும் சொன்னபோது, அவர் நெடுநேரம் பேசவில்லை. அக்காவுக்கு இப்போது வயது 41. வரும் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறார், நானும் உடன் போகிறேன்.