ஓட்டைப் பூட்டு செய்யச் சொன்னதே அரசாங்கம்தான்

"தொண்ணூறுகள்ல இன்டர்நெட்ல பாதுகாப்பே கிடையாது, அன்னிக்கு டெக்னாலஜி அவ்வளவுதான்" என்று அடிக்கடி எழுதுகிறார்கள். பாதிதான் உண்மை. நல்ல பூட்டு செய்ய அன்றைக்கே தெரியும். அதை நமக்கு விற்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் இருந்தது.

நெட்ஸ்கேப் பிரவுசரில் மேய்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். இடது கீழ் மூலையில் குட்டியாக ஒரு சாவி. சாதாரணப் பக்கம் என்றால் உடைந்த சாவி, குறியாக்கம் (அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி தகவலைப் பூட்டி அனுப்புவது) உள்ள பக்கம் என்றால் முழுச் சாவி. முழுச் சாவியிலும் இரண்டு ரகம் உண்டு. பிட் என்பது சாவியின் நீளம், அது கூடக் கூடப் பூட்டை உடைப்பது கஷ்டம். இரண்டு பல் இருந்தால் 128 பிட், அது அமெரிக்கர்களுக்கு. ஒரு பல் இருந்தால் 40 பிட், அது வெளிநாட்டாருக்கு. நம்மூர் பிரவுசிங் சென்டர்களுக்கு வந்தது ஒற்றைப் பல் சாவி.

காரணம், துப்பாக்கி, பீரங்கியோடு குறியாக்க மென்பொருளையும் அமெரிக்கா ஆயுதப் பட்டியலில் வைத்திருந்தது; அனுமதி இல்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாது. 1991-இல் பிஜிபி என்ற மின்னஞ்சல் குறியாக்க மென்பொருளை எழுதிய ஃபில் ஜிம்மர்மன், அது நாடு தாண்டிப் போய்விட்டது என்பதற்காக 1996 வரை குற்ற விசாரணையில் மாட்டிக்கொண்டு கிடந்தார்.

40 பிட் என்றால் ஏறத்தாழ 1,10,000 கோடி சாவிகள். கேட்க மலைப்பாக இருக்கும், கம்ப்யூட்டருக்கு அது ஒன்றுமேயில்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதே மாதம் பிரான்சில் டாமியன் டோலிஜே (Damien Doligez) என்ற ஆராய்ச்சியாளர், சுமார் 120 கம்ப்யூட்டர்களையும் இரண்டு பெரிய இயந்திரங்களையும் வைத்து, அந்த 40 பிட் பூட்டை 8 நாளில் உடைத்துக் காட்டினார். இதில் கூத்து என்னவென்றால், வெளிநாட்டாருக்கான அந்த ஏற்றுமதி ரகமும் உள்ளே 128 பிட் சாவியைத்தான் வைத்திருந்தது. அதில் 88 பிட்டை ஊரறிய அனுப்பிவிட்டு, மீதி 40-ஐ மட்டும் ரகசியம் என்று வைத்துக்கொண்டது. மெனக்கெட்டுச் செய்த பலவீனம்!

நம்ம ஆட்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? 1998-இல் வந்த இணையச் சேவை உரிம விதி, அனுமதி இல்லாமல் 40 பிட் வரைதான் பயன்படுத்தலாம் என்றது. அதற்கு மேல் வேண்டுமானால் சாவியை இரண்டு பாகமாகப் பிரித்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும். 2001-இல் ரிசர்வ் வங்கி, இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் வேண்டும் என்றது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் தலை சுற்றும்.

பூட்டுக்குள் எட்டிப் பார்க்கும் அந்த ஆசை அரசுக்கு இன்னும் போகவில்லை. 2015 செப்டம்பரில் வந்த இந்திய அரசின் வரைவுக் குறியாக்கக் கொள்கை, நாம் குறியாக்கி அனுப்பும் செய்திகளின் பூட்டாத நகலை 90 நாள் வைத்திருக்கச் சொன்னது. ஊரே சிரித்த பிறகு திரும்பப் பெற்றார்கள். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிப்பது பற்றி வாதம் நடந்தது. 2021-இல் அது விதியாகவே வந்துவிட்டது.

போலீசின் கஷ்டம் புரியாமல் பேசவில்லை. பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி 2018-இல் அப்பாவிகளை அடித்தே கொன்றார்கள், தமிழ்நாட்டிலும் நடந்தது. ஆனால் "அரசுக்கு மட்டும் ஒரு வழி, மற்றவர்களுக்குக் கிடையாது" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஒற்றைப் பல் சாவிதான் நினைவுக்கு வருகிறது. அதிலும் அமெரிக்க உளவுத்துறையால் உடைக்க முடிய வேண்டும், அவ்வளவுதான் திட்டம்; உடைத்துக் காட்டியதோ பிரான்சில் ஒருவர்.

2000-இல் அமெரிக்கா அந்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைப் பெருமளவு தளர்த்தியது. மென்பொருளுக்குள் இருந்த பழைய ஏற்றுமதி ரகத்தை மட்டும் பலர் துடைத்து எடுக்கவில்லை. 2015 மார்ச்சில் ஃப்ரீக் (FREAK) என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. ஆப்பிள், ஆண்ட்ராய்டு பிரவுசர்களை ஏமாற்றி அந்தத் தொண்ணூறுகளின் பலவீனச் சாவிக்கே இறக்கிவிடலாம். வாடகைக் கம்ப்யூட்டரில் சுமார் 100 டாலர் செலவழித்தால் சில மணி நேரத்தில் சாவி கையில். அப்படிச் சிக்கக்கூடிய தளங்களில் அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ-வின் இணையதளமும் ஒன்று.