பேலர் ஏற்றிக்கொண்டு போகும் பொட்டாஷ்

சம்பா அறுப்பு முடிந்த மறுநாளே, வைக்கோலைக் கட்டாகச் சுருட்டும் பேலர் வண்டி வரப்போரம் வந்து நின்றுவிடுகிறது. கட்டுக்கு இவ்வளவு என்று பேசிக் காசைக் கொடுத்துவிட்டு வைக்கோலைச் சுருட்டிக்கொண்டு போகிறார்கள். டெல்டாவில் இப்போது பாதி வயல் துடைத்துவிட்டாற்போல் கிடக்கிறது. அறுவடை மிஷின் வாடகைக்கு அந்தக் காசு ஆகும்தான், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் பார்த்தோமா?

நெல் எடுக்கும் சாம்பல் சத்தில், அதாவது பொட்டாசியத்தில், முக்கால் பங்குக்கு மேல் வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. டன்னுக்குச் சுமார் 15 கிலோ பொட்டாசியம். ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல் என்றால், ஒரு மூட்டைக்கு மேல் பொட்டாஷ் உரம் வண்டி ஏறிப் போகிறது. அப்புறம் அதையே உரக்கடையில் காசு கொடுத்து வாங்கி வருகிறோம். கூடவே போகும் கரிமத்துக்கோ மூட்டையே கிடையாது. மண்வள அட்டையில் அங்கக கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே போனால் 'குறைவு' என்று வரும். என் அட்டையில் அப்படித்தான் வந்தது.

மடக்கி உழ வேண்டியதுதானே என்பார்கள். உழுதேன். குறுவை வைக்கோலைச் சேற்றில் மிதித்துப் பத்தே நாளில் தாளடி நட்டேன். பயிர் மஞ்சள் பாய்ந்து, தூர் கட்டாமல் நின்றது. பச்சை வைக்கோலை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. மக்கி முடித்த பிறகுதான் பயிருக்கு விடும். போதாததற்கு, தண்ணீர் கட்டிய வயலில் மக்கும் வைக்கோல் மீத்தேனாகவும் கிளம்பும். யூரியா போட்டுச் சமாளித்தேன். அந்தச் செலவு என் அவசரத்துக்கு.

வைக்கோலை மடக்கத் தோதான காலம் கோடை. சம்பாத் தாளைக் கோடை உழவில் புரட்டிவிட்டால் அடுத்த நடவுக்குள் பெரும்பகுதி மக்கிவிடும். கோடை மழைக்குத் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து, 45 நாளில் பூ எடுக்கும்போது மடக்கலாம். ஆனால் அது சட்டென்று மக்கித் தழைச்சத்தாகப் போய்விடும். மண்ணில் நின்று தங்குவது குறைவு. ஆகவே இரண்டும் வேண்டும். ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள், ஆடு மேய்ப்பவர்கள், வந்தால் ஆட்டை ராத்திரி வயலில் அடைத்துக் கிடையும் போடுங்கள். 'ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்' என்று சும்மா சொல்லவில்லை.

இந்த முறை மாட்டுக்கு வேண்டிய அளவு மட்டும் கட்டித் தரச் சொன்னேன். பேலர்காரர் சிரித்துக்கொண்டே, "மிச்சத்த என்னண்ணே பண்ணப் போறீங்க, கொளுத்தவா?" என்றார்.