விரல் போனது வரம் இல்லை, ஐயா

அந்தக் கார்டை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, "விரல் போனது, வாழ்க்கை திறந்தது!" என்று, கீழே "நம்பு, வெல்வாய்". பிளாக் சப்பாத் என்ற ஹெவி மெட்டல் ராக் பேண்டின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமியைப் பற்றியது. ரெண்டு நாளாக ஆளாளுக்கு என்னை டேக் செய்து "உங்க ஆளுதானே சார்" என்கிறார்கள். ஆமாம், என் ஆள்தான். அதனால்தான் எரிகிறது.

டோனி அயோமிக்கு நடந்தது விபத்து. வரம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை இதையேதான் சொல்லப்போகிறேன், அலுத்தால் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

பையனுக்கு 17 வயது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு ஷீட் மெட்டல் ஃபேக்டரியில் வெல்டிங் வேலை. அப்போதிருந்த வேறொரு பேண்டோடு ஜெர்மனி போகப்போகிறான், அன்றோடு வேலைக்கு முழுக்கு. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போக மாட்டேன் என்றிருக்கிறான். அம்மாதான், வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பிவைத்தார். போனால், தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் நிற்கும் பெண் அன்றைக்கு வரவில்லை. "நீ போய் நில்லு" என்று இவனை நிறுத்திவிட்டார்கள். அதுவரை தொடாத மெஷின். கைமேல் இறங்கியது, பதறி இழுத்தான், நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போயின.

கார்டில் "இடது கை" என்று போட்டிருக்கிறார்கள். இல்லை, வலது கை. அவர் இடது கைக்காரர், தந்தியை அழுத்துவது வலது கையால். இதைக்கூடப் பார்க்காதவர்கள்தான் நமக்கு வாழ்க்கைப் பாடம் எடுக்கிறார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். பாத்திரம் கழுவும் லிக்விட் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, சால்டரிங் அயர்னைச் சுட வைத்து அதில் குழி போட்டு, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். மாட்டினால் தந்தியில் வழுக்கியது. பழைய லெதர் ஜாக்கெட்டில் துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினார். சாதாரண கிட்டார் தந்தியை அழுத்த முடியவில்லை, மெல்லிசாகக் கடையில் கிடைக்கவில்லை, பேஞ்சோ தந்தியை வாங்கிக் கட்டினார். பின்னால் சுருதியையும் இறக்கித் தந்தியைத் தளர்த்திக்கொண்டார். இதில் "நம்பு, வெல்வாய்" எந்த இடத்தில் வருகிறது? எனக்குத் தெரிவது ஒரு பையன் படும் அவஸ்தை.

"அந்த விபத்து இல்லேன்னா ஹெவி மெட்டலே இல்லையே சார்?" வந்துவிட்டீர்களா. விரல் போனால் இசை வரும் என்றால் இந்நேரம் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் வாசல்தோறும் கச்சேரி நடந்திருக்க வேண்டும். பிளாக் சப்பாத் என்றால் பாட்டுக்கு ஓஸி, பேஸ் கிட்டாருக்கு கீசர் பட்லர், டிரம்ஸுக்கு பில் வார்டும்தான். அவர்களுக்கெல்லாம் பத்து விரலும் இருந்தது. 1969-ல் ஒரே நாளில் உட்கார்ந்து முதல் ஆல்பத்தை முடித்தது நாலு பேரும் சேர்ந்துதான்.

"அவரோட ஃபேக்டரி மேனேஜரே மோட்டிவேட் பண்ணினாரே?" பண்ணினார். ஒரு இசைத்தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தீ விபத்துக்குப் பின் ரெண்டே விரலால் கிட்டார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு. கேட்க மாட்டேன் என்றவனைக் கேட்க வைத்தார். அவர் கார்டு போடவில்லை. அது வேறு, இது வேறு. புரியாதவர்களுக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் தாய்மாமா பிரஸ் ஷாப்பில் ஆள்காட்டி விரலில் ரெண்டு கணுவைக் கொடுத்தவர். அங்கேயும் அதே கதை, "ஆள் வரல, நீ நில்லு." அதற்கு முன் எங்கள் தெருவில் கேரம்போர்டில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நடுவிரலால் ஸ்ட்ரைக்கரை அடித்துப் பழகினார். ராத்திரி எல்லாரும் தூங்கியபிறகு டொக், டொக் என்று கேட்கும். விடாமுயற்சிக்குக் குறைவே இல்லை. ஆனால் பழைய கட் ஷாட் வரவேயில்லை. போர்டு பரணுக்குப் போயிற்று. இன்றைக்கும் கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது அந்தக் கை வேட்டி மடிப்புக்குள் போய்விடும். மாமாவுக்கு யார் கார்டு போடுவது? அவர் போதுமான அளவு நம்பவில்லை என்பீர்களோ?

"பாசிட்டிவா பாருங்க", "டோனியே அதனாலதான் புது வழி கிடைச்சதுன்னு சொல்லியிருக்கார்" என்று இன்பாக்ஸில் வரும். அவர் சொல்லலாம். விரல் அவருடையது.

எங்கள் ஆபீஸ் குரூப்பிலும் இதே கார்டு வந்தது. எப்போது? ஓவர்டைம் பாக்கி என்ன ஆயிற்று என்று ஒரு பையன் கேட்ட மறுநாள் காலை. கீழே வரிசையாக நாற்பது கைகூப்பு. இதற்குத்தான் இந்தக் கதைகள் பயன்படுகின்றன. மெஷினில் யார் நிறுத்தினார்கள் என்ற கேள்வி போய், நீ ஏன் இன்னும் டோனி ஆகவில்லை என்ற கேள்வி வந்துவிடும்.

2012-ல் அவருக்கு லிம்ஃபோமா, ரத்தப் புற்றுநோய் வகை. சிகிச்சைக்கு நடுவே அடுத்த ஆல்பம், டூர் எல்லாம் முடித்தார். அதற்கும் ஒரு கார்டு ரெடியாகிக்கொண்டிருக்கும். 2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க் ஸ்டேடியத்தில் பேண்டின் கடைசிக் கச்சேரி. ஓஸி நிற்க முடியாமல் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாட, பக்கத்தில் 77 வயதில் டோனி வாசித்தார். அப்போதும் விரல் நுனியில் தொப்பி இருந்தது. அறுபது வருஷமாக மாட்டிக் கழற்றுகிறார். பதினேழு நாளில் ஓஸி போய்ச் சேர்ந்தார். அந்த வாரம் நான் எதுவும் எழுதவில்லை, எழுத வரவில்லை.

கார்டு போட்ட அண்ணனுக்கு ஒன்று. பதிவை எடுக்கச் சொல்லவில்லை, உங்கள் லைக்கை நான் ஏன் கெடுக்க வேண்டும்? படத்தையாவது மாற்றுங்கள். அதில் இருப்பது கீசர் பட்லர். கையில் இருப்பது பேஸ் கிட்டார், எண்ணிப் பாருங்கள், நாலே தந்தி.