எலுமிச்சை பிழிந்தால் டீ வெளுப்பது சாயத்தால் அல்ல

ஊட்டியில் டீத்தூள் வாங்குபவர்களை எச்சரிப்பதாக ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கட்டன் டீயில் அரை மூடி எலுமிச்சை பிழிகிறார்கள். அடர் சிவப்பு சட்டென்று வெளிர் மஞ்சளாகிறது. "பார்த்தீங்களா, சாயம் கலந்த தூள்!" என்கிறது குரல். தவறு. சுத்தமான நீலகிரித் தேயிலையும் அப்படித்தான் வெளுக்கும்.

குன்னூர், கோத்தகிரி ஃபேக்டரிகளில் கொழுந்தைக் கசக்கிக் காற்றுப்பட விடும்போது, இலையின் பாலிஃபீனால்கள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து தியாஃப்ளேவின், தியாரூபிஜின் என்ற நிறப்பொருள்களாகின்றன. டிகாஷனின் செம்பழுப்புக்குப் பெரும்பாலும் தியாரூபிஜின்தான் காரணம். அது வலிமை குறைந்த அமிலம். வெறும் டீயில் அதன் ஒரு பகுதி ஹைட்ரஜன் அயனிகளை விட்டுவிட்டு அடர்நிறத்தில் இருக்கும். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் வந்ததும் அயனிகள் பெருகும். தியாரூபிஜின் அவற்றைத் திரும்பப் பிடித்துக்கொண்டு வெளிறும். பள்ளியில் பார்த்த லிட்மஸ் தாளின் அதே சங்கதி.

நம்பிக்கை வரவில்லையா? அதே டீயில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுங்கள். காரம் சேர்ந்ததும் நிறம் கறுக்கும். வீடியோ எடுத்தவர் ஏனோ அதைச் செய்து காட்டவில்லை.

சரி, நிஜமாகவே சாயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, சற்று விட்டு, தூளை அகற்றித் தாளைக் கழுவுங்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் சாயத்தூளின் கறை திட்டுத்திட்டாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் பாக்கெட்டோடு உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம்.